முன்பணம் திரும்பாது

ஜனவரியில் பதிவு செய்தபோது
அவர்கள் கணவன் மனைவி.
ஜூலையில் படகேற வந்தபோது
ஆளுக்கொரு காரில் வந்தார்கள்.

முன்பணம் திரும்பாது என்று
நான்தான் போட்டிருந்தேன், கொட்டை எழுத்தில்.
வீட்டையே விட்டுக்கொடுத்தாராம் லெஸ்டர்.
இருநூறு டாலரை விட
இருவருக்கும் மனமில்லை.

மெய்னில், ஆண்ட்ரோஸ்காகின் ஆற்றில்,
என் படகுக்கு மூன்றே இருக்கை.
முகப்பில் ஒருவர், பின்னால் ஒருவர்,
நடுவில் துடுப்போடு நான்.
இருபத்தாறு வருஷமாக இதே ஏற்பாடு.
அன்றைக்குத்தான் தெரிந்தது
நடு இருக்கை எவ்வளவு ஒடுக்கம் என்று.

"ரேஜான், அவளிடம் சொல்லுங்கள்,
தூண்டில் என் தலைக்குமேல் வருகிறது."
"அவரிடம் சொல்லுங்கள், அது காற்று."
நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.
பதினைந்தடிப் படகில்
எல்லோருக்கும் காது கேட்கும்.

அணைக்குக் கீழே காலைத் தண்ணீர்
எலும்புவரை சில்லிடும்.
பனிமூட்டத்துக்குள் ட்ரவுட் மேலெழுந்து
பூச்சியை உறிஞ்சும் சத்தம்.
வழக்கமாக இந்த இடத்தில்
"முத்தம் மாதிரி, கேளுங்கள்" என்பேன்.
அன்றைக்கு
தொட்டியில் கடைசித் தண்ணீர் இறங்குவது மாதிரி
என்றேன்.

கிளெண்டாவுக்கு ஒன்று மாட்டியது.
பழுப்பு ட்ரவுட், ஒரு முழம் இருக்கும்.
வலைக்குள் புரண்டபோது விலாவெங்கும் சிவப்புப் பொட்டு,
ஒவ்வொன்றைச் சுற்றியும் வெளிறிய நீல வளையம்.
முப்பத்தோரு வருஷப் பழக்கத்தில்
பின்னால் திரும்பிக் காட்டினாள்.
அவர் கரையில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.
கரையில் ஒன்றுமில்லை,
மூடிய காகித ஆலையின் சுவர்.

பதினொன்றரைக்கு வெப்பமானியை இறக்கினேன்.
இருபது டிகிரி.
இனி ட்ரவுட் வேண்டாம்.
சூடேறிய தண்ணீரில் பிடித்தால்
விட்டாலும் பிழைக்காது.
நீந்திப் போவதுபோலப் போகும்,
பாறைக்குப் பின்னால் போய்ச் சாகும்.

"போன பிறகு செத்ததா இல்லையா
எப்படித் தெரியும்?" லெஸ்டர் கேட்டார்.
"தெரியாது. அதனால்தான் தொடுவதில்லை."
கிளெண்டா ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துப் பிய்த்து
தண்ணீரில் போட்டாள்.

மதியத்துக்குமேல் சிறுவாய் பாஸ்.
அதனிடம் நாசூக்கெல்லாம் கிடையாது.
பாறை நிழலில் ரப்பர் நண்டை எறிந்தால்
பழைய பாக்கி கேட்பவன் மாதிரி வரும்.
மூன்று பிடித்தார் லெஸ்டர்.
நான்காவதற்கு ஓங்கி வீசியதில்
முள் ஆற்றுக்குப் போகாமல்
அவர் தோள்பட்டையிலேயே இறங்கிவிட்டது.

அவரே வாங்கிவந்த முள்,
எதிர்முள் நசுக்காதது.
என் அம்மாவின் பிரெஞ்சில் ஒரு வசவு சொல்லி
சட்டையைக் கிழித்தேன்.
தங்கூசியில் கண்ணி போட்டு வளைவில் மாட்டியாயிற்று.
காம்பை ஒருவர் அமுக்க
ஒருவர் வெடுக்கென்று இழுக்கவேண்டும்.
படகில் வேறு யார்?

துடுப்பைத் தாண்டி வந்தாள்.
கட்டைவிரலை வைத்தாள்.
"இன்னும் கொஞ்சம் கீழே" என்றேன்.
"தெரியும். அங்கே ஒரு மரு இருக்கும்,
அதில் படக்கூடாது."

மூன்றுவரை எண்ணுவதாகச் சொல்லி
இரண்டில் இழுப்பது தொழில் ரகசியம்.
இழுத்தேன்.
ரத்தம் ஒரு சொட்டுதான்.
அவள் விரல் இன்னும் அங்கேயே இருந்தது.
எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை,
முன்னால் பாறை வந்துகொண்டிருந்தது.

கரையேறியதும் தனியாகக் கூப்பிட்டு
இனாம் கொடுத்தார் அவர்,
இருவருக்கும் சேர்த்து.
அவர் கார் கிளம்பியபின்
அவளும் கொடுத்தாள்,
இருவருக்கும் சேர்த்து.
இப்போதும் நான் யாரிடமும் எதையும் சொல்லவில்லை.

முள்ளை என் தொப்பியில் குத்திவைத்தேன்.
அடுத்த வாரம் வந்த பல்வைத்தியர்
அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதில் விழுமா?"
"ஒருதரம் விழுந்தது."
"பெரிசா?"
"பெரிசுதான். விட்டுவிட்டோம்."
"நீந்திப் போயிற்றா?"
"போவதுபோலத்தான் போயிற்று" என்று
துடுப்பை இறக்கினேன்.