நாற்பத்தியொரு கிலோ

தடைக்கால நிவாரணம் வங்கியில் விழுந்த மறுநாள்
பரமக்குடிப் பாத்திரக்கடையில்
உருக்கப் போட வைத்திருந்த இரண்டு மூட்டையை
எடைபோட்டு வாங்கி வந்தார் ரெமிஜியுஸ்.
பஸ்ஸில் அதற்குத் தனி டிக்கெட்.
தங்கச்சிமடத்தில் இறக்கிவிட்ட கண்டக்டர்
“உள்ள என்ன, கல்லா?” என்று கேட்டாராம்.
தொப்பென்று வைத்த இடத்தில்
சிமெண்டுத் தரை ஒரு சாண் கீறிக்கொண்டது.

காலணா. ஓட்டைக் காசு.
பனை போலொரு மரம் நிற்கும் சிலோன் சதம்.
மூக்குத் தேய்ந்த ராஜாக்கள்,
பெயர் தேய்ந்த ராஜாக்கள்.
கையில் சல்லிக்காசு இல்லாத அந்த மாதம்
வீடு நிறையச் சல்லிக்காசு.

கட்டிலடியில் வைத்தார், ஈரம் ஏறியது.
அரிசி டிரம்மைக் கேட்டார்,
“அரிசி எங்க போகும், உங்க தலையிலயா?” என்றேன்.
பிஸ்கட் டின்னின் பிடி கையோடு வந்தது.
ஐஸ் பெட்டி அடி கழன்றது.
கடைசியில் பெயிண்ட் வாளி:
வாளிக்குப் பத்துக் கிலோ, நாலு வாளி.
மிஞ்சிய ஒரு கிலோ ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
செருப்புக்கடையில் கேட்டு வாங்கிய
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை
ஒவ்வொரு மூடிக்கடியிலும் வைத்தார்,
பிள்ளைக்குத் தலையணை வைப்பதுபோல.

கச்சான் காற்றுக்கு எங்கள் ஊரில்
சைக்கிள் செயின் ஒரு மாசம்,
ஜன்னல் கம்பி ரெண்டு வருஷம்.
நான் கருவாடு போடுகிறவள்.
உப்புக்கையோடு வாளிப் பக்கம் வராதே என்பார்.
என் மீனைக் காக்கிற உப்பு
அவர் காசைத் தின்கிறதாம்.

ஒருநாள் அவர் இஞ்சின் வேலைக்குப் போயிருந்தபோது
ஒரு பிடி அள்ளிப்
புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தேன்.
மாதா கோயில் மணி போல மின்னியது.
சந்தோஷப்படுவார் என்றுதான்.
பார்த்தார்.
“வயசைக் கழுவிட்டியே” என்றார்.
அன்றிரவு மீன்குழம்பு அப்படியே ஆறியது.
“அதுலயே போட்டுடு.”
“போட்டுட்டேன்” என்றேன்.

பக்கத்து வீட்டு அமலோற்பவம் கேட்டால்
வாளியில் நட்டு, போல்ட்டு.

கார்த்திகையில் பாம்பனில் எட்டாம் நம்பர் கூண்டு ஏற்றினார்கள்.
இருட்டியபின் அடுப்பங்கரைத் தகரம்
கோழி இறக்கை மாதிரி அடிக்கத் தொடங்கியது.
மணல்மூட்டைகளைப் படகுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.
அவர் வாளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
நான் எதுவும் சொல்லவில்லை.
அதைச் சொல்லக் கூடாது என்று தெரியும்.
பிறகு அவரே ஏணியைச் சாத்தினார்.
நாலு மூலைக்கு நாலு வாளி, நைலான் கயிறு.
இரவு முழுக்க ராஜாக்கள்
என் அடுப்புக்கு மேலே
நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அமலோற்பவத்தின் தகரம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கிடந்தது.
எங்களுடையது இருந்தது.
ஒரு வாளி மூடியை மட்டும் காணோம்,
உள்ளே கழுத்துவரை உப்பு மழை.
முற்றத்தில் பழைய வலையை விரித்துக்
காசைக் கொட்டி உலர்த்தினோம்.
அமலோற்பவம் வந்து பார்த்தாள்.
“நட்டு, போல்ட்டு?”
அவர் தலை நிமிரவில்லை.
அவள் சிரிக்கவும் இல்லை.
“அடுத்த புயலுக்கு எனக்கு ரெண்டு வாளி குடுங்கண்ணே” என்றாள்.

மாலையில் மீன் தராசில் எல்லாவற்றையும் நிறுத்தார்.
நாற்பது கிலோ எண்ணூறு.
மறுபடி நிறுத்தார்.
டார்ச்சோடு கூரை ஏறினார்,
சாக்கடைவரை தேடினார்.
“காத்து எடுத்திருக்கும்” என்றேன்.
“செம்பையா?” என்றார்.

ஜன்னல் திரையின் கீழ் மடிப்பை
அவர் இதுவரை தொட்டதில்லை.
ஒவ்வொரு காசாக வைத்து நான் தைத்தது.
எந்தக் கச்சானுக்கும் அது பறப்பதில்லை.
நேற்று ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன்.
மினுக்கம் போய்விட்டது,
ராஜாவின் காதோரம்
லேசாகப் பச்சை.
ஏறட்டும்.
இன்னும் ரெண்டு மழை போகட்டும்,
வாளியில் போட்டுவிடுகிறேன்.