சின்னவிரல் இடுக்கு

பன்னிரண்டு மணித்தியாலம் ஒரே சப்பாத்து.
சீனக்குடாக் களஞ்சியக் கேற்றில்
நான் லொறி இலக்கம் எழுதும்போதெல்லாம்
இடது காலின் நாலாம் விரலும் ஐந்தாம் விரலும்
ஏதோ இரகசியம் பேசும்.

முதலில் வெள்ளை.
தேத்தண்ணியில் ஊறிய பாண் போல்
தொட்டால் உரியும், கீழே சிவப்பு.
பிறகு வெடிப்பு. பிறகு வாடை.
அதைக் கருவாட்டின் மேல் போட்டேன்;
கிண்ணியாவில் யார் சந்தேகப்படுவார்?

சேற்றுப்புண் என்றா றிபாயா மச்சி.
சேறு எங்கே? நான் மிதிப்பது சீமெந்து.

மண்ணெண்ணெய் பூசினேன். எரிந்தது.
எரிந்தால் சுகம் என்று நம்பினேன்.
பாமசிப் பெடியன் ஒரு டியூப் தந்தான்,
மூன்று நாளில் அரிப்பு அடங்கியது.
மூன்றாம் கிழமை புறங்காலில் ஒரு வளையம்:
நடுவில் தெளிவு, விளிம்பில் செதில்,
வளர்கிற பக்கம் மட்டும் பிறை.

வெள்ளிக்கிழமை. "நெருங்கி நில்லுங்கள்" என்கிறார் இமாம்.
தோளுக்குத் தோள், பாதத்துக்குப் பாதம்.
முஸம்மில் காக்காவின் கால் நகர்ந்து வர
என் கால் விலகியது.
வரிசையின் இடைவெளியில் சைத்தான் நிற்பான் என்பார்கள்.
அன்று நின்றது அவனில்லை.
அடுத்த கிழமை தூணோரம் ஒதுங்கினேன்.

பெரியாஸ்பத்திரி. டொக்டர் தாட்சாயினி
விரல்களை ஒவ்வொன்றாக விரித்தா,
புத்தகத்தில் பக்கம் தேடுவது போல.
விளிம்பைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் ஒரு துளி விட்டு,
கொஞ்சம் பொறுத்து,
"வாங்கோ, நீங்களே பாருங்கோ."
குனிந்தேன்.
கொடி.
ஒல்லியாய், கணுக்கணுவாய், கிளை விட்டு.
எவ்வளவு நிதானம் அதற்கு!
கந்தோரில் யாரிடமும் கேளாமல்
என் தோலில் காணி பிடித்திருக்கிறது.

"பழைய டியூபை எறியுங்கோ.
அது நெருப்பை அணைக்கேல்லை, புகையைத்தான் மறைச்சது."
புதியது காலையும் மாலையும்,
வளையத்துக்கு வெளியிலும் இரண்டு விரல் அகலம்.
"மாறிட்டுது எண்டு நினைச்ச பிறகும் இரண்டு கிழமை."
பருத்தி மேசு, தினம் ஒன்று.
சப்பாத்து இரண்டு சோடி, முறை வைத்து வெயிலுக்கு.
பெருவிரல் நகத்தைத் தட்டினா: மஞ்சள், தடிப்பு.
"இதுக்குப் பூச்சு காணாது. இரத்தம் பாத்திட்டுத்தான் குளிசை.
மாதக் கணக்கு."
பிறகு, எழுதிக்கொண்டே:
"ஐஞ்சு நேரமும் கால் கழுவுவீங்கள். துடைப்பீங்களே?"

துடைத்ததேயில்லை.
விரல் கோதிக் கழுவி
ஈரத்தின் மேல் மேசை இழுத்து
கேற்றுக்கு ஓடுவேன்.
நாளுக்கு ஐந்து முறை
நான்தான் அதற்குத் தண்ணீர் கட்டியிருக்கிறேன்.

இப்போது சட்டைப் பையில் பழைய சாரத்துண்டு.
ஹவுழடியில் குந்தியிருந்து
எட்டு இடுக்கும் ஒற்றுகிறேன்.
பொடியன்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஏழாம் வெள்ளி தூணை விட்டு வந்தேன்.
முஸம்மில் காக்காவின் கால் நெருங்கியது,
நான் அசையவில்லை.
ஸஜ்தாவுக்குக் குனிகையில் கண்ணில் பட்டது
அவருடைய பெருவிரல் நகம்: மஞ்சள், தடிப்பு.

வெளியே செருப்பைத் தேடுகையில்
துண்டைக் காட்டிக் கேட்டார்: "அதை இங்க தாங்களேன்."
தரவில்லை.
கிளினிக் நாளைச் சொன்னேன்.
புதன். காலை ஏழுக்கே நம்பர் எடுக்கவேணும்.