குல்பிப் பெட்டிக்குள் இரண்டு துண்டு ரப்பர்

ஜண்டேவாலான் டயர்க் கடைகளுக்கு
ஜனவரியில் பதினொரு மணிக்குத்தான் விடிகிறது.
பனிமூட்டத்துக்குள் ஷட்டர் ஏறும் சத்தம் முதலில்,
பிறகு கடை,
பிறகு கோச்சர், கையில் டீயோடு.

லோசரில் ஒரு வானிலைக் கம்பம்
பேச்சை நிறுத்திப் பத்து நாள்.
கடைசியாக அது அனுப்பிய எண் கழித்தல் இருபத்தேழு.
பேட்டரி மாற்ற யாராவது போகவேண்டும்.
யாராவது என்றால் எங்கள் அலுவலகத்தில் நான்.
டயருக்கு மூன்று விலைப்புள்ளி வாங்கு,
குறைந்ததை எடு என்கிறது விதி.
விதியை எழுதியவர்
தார்மேல் படிந்த பனிக்கண்ணாடியில்
பிரேக் மிதித்தவராக இருக்க வழியில்லை.

கோச்சர் முதலில் காட்டியது எல்லோருக்கும் காட்டுவது.
கட்டை கட்டையாய்ப் பல், புஜம் புடைத்த பக்கம்.
சும்மா நிற்கும்போதே
எதையோ மிதித்துக்கொண்டு நிற்பதுபோல் நின்றது.
"காட்டு ராஜா, மேடம்."
தெரியும். குருகிராமில் பார்த்திருக்கிறேன்,
மால் வாசலில், வேகத்தடை ஏறத் தயங்கிக்கொண்டு.

மற்றொன்றை நான்தான் தேடி எடுத்தேன்.
ஒல்லி. மேலெல்லாம் பிளேடால் கீறியதுபோல் மயிரிழை வெட்டுகள்.
பக்கத்தில் மூன்று சிகர மலை,
அதற்குள் ஒரு பனிப்பூ, கூச்சத்தோடு.
ஏதோ தூதரகம் எட்டு கேட்டு
நாலை எடுத்துக்கொண்டு, நாலை விட்டுப்போனதாம்.
தூசி துடைத்துத் தேதி படித்தேன்:
முப்பத்திரண்டாவது வாரம், போன வருஷம்.
பிறந்தது ஆகஸ்டில், பாவம்.

நகத்தால் அழுத்தினேன். இரண்டும் இறங்கின.
வெளியே ஒன்பது டிகிரி.
ஒன்பது டிகிரியில் எல்லா ரப்பரும் நல்ல ரப்பர்தான்.

பக்கத்தில் முராரி. கோடையில் குல்பி, இப்போது கடலை.
கல்யாண ஆர்டருக்காக ஃப்ரீசர் மட்டும் ஓடுகிறது.
கழித்துப்போட்ட குவியலில் இரண்டு இனமும் இருந்தன,
பழைய தூதரகக் கால் உட்பட.
ஆளுக்கொரு துண்டு அறுக்கச் சொல்லி
பிஸ்தாவுக்கும் மலாய்க்கும் நடுவில்
ஒரு ராத்திரி படுக்கப் போட்டேன்.
"பெண் வீட்டார் ரப்பர் வாசனை என்றால்?"
என்று கேட்ட முராரி
நாற்பது ரூபாய்க்குச் சமாதானமானார்.

மறுநாள் காலை.
காட்டு ராஜாவை மேஜையில் தட்டினேன்.
டொக்.
கதவைத் தட்டினால் கேட்குமே, அது.
ஒல்லியை மடக்கினேன்.
காதுமடல்போல் மடங்கி
விட்டதும் திரும்பியது.

கோச்சர் கொஞ்சநேரம் எதுவும் பேசவில்லை.
விற்றால் போதும் என்று இருந்திருக்கலாம்.
"ஏப்ரலுக்குள் கழற்றிவிடுங்கள்" என்றார்.
"மே மாத டெல்லியில் இது அழிரப்பர்.
ரிங் ரோடே இதைத் தேய்த்துத் தின்றுவிடும்."
வெயிலுக்கு ஒரு ஜோடிக் கால், குளிருக்கு ஒரு ஜோடி.
பழைய நாலையும் முனீர்க்கா மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டியோரம் அடுக்கவேண்டும்.
வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது?

படிவத்தில் ஒரு கட்டம்:
குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்காத காரணம்.
டொக் என்றது, என்று எழுதினேன்.
அடித்தேன்.
தொழில்நுட்பக் காரணம், என்று எழுதினேன்.
எழுதியபின் அது ஒன்றுமே சொல்லவில்லை.

தௌலா குவான் சிக்னல். முன்வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிகிறது.
புது டயர் இந்தத் தாரில் லேசாக நெளிகிறது,
ஸ்வெட்டரோடு சமையலறையில் நிற்பவர்போல்.
பின்னால் சங்கிலி, மண்வெட்டி, இரண்டு பேட்டரி.
சட்டைப்பையில் அந்தத் துண்டு. கட்டைவிரல் அதை விடவில்லை.

முராரியின் ஃப்ரீசர்
கழித்தல் பதினெட்டுவரைதான் போகும்.
கம்பம் சொன்னது இருபத்தேழு.
மிச்சம் ஒன்பது டிகிரி,
இன்றைக்கு டெல்லியில் அடிக்கிற அதே ஒன்பது.
அதைப் பற்றி
கோச்சரும் ஒன்றும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.