பத்தாம் நம்பர் பிளேடு

முதலில் காது.
கை அப்புறம்தான்.
பட்டனைத் தள்ளியதும் ஒரு சத்தம் வரும்,
தேன்கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி,
கனமாய், ஒரே சுருதியில்.
அதில் மீன்முள் சிக்கிய தொண்டைபோல் ஒரு கரகரப்பு கேட்டால்
நாயை மேசையில் ஏற்றாதே.

எனக்கு நானே சொல்லிக்கொள்வதுதான்.
பெருமாள்புரத்தில், மாவு மில்லுக்கு மேலே,
பத்துக்குப் பன்னிரண்டு அறையில்
வேறு யார் இருக்கிறார்கள் எனக்குச் சொல்ல?

மேல்தகட்டைப் பாதி நகர்த்தி
பழைய பல் பிரஷால் தேய்த்தால் உதிர்கிறது
பொமரேனியனின் வெள்ளை,
லேப்ரடாரின் வெண்ணெய் நிறம்,
திசையன்விளையிலிருந்து காரில் வந்த
அல்சேஷனின் தேரிமணல்.
அந்தச் சிவப்பு மணல்தான் எமன்.
குளிப்பாட்டி உலர்த்தப் பொறுமையில்லாமல் ஓட்டிய அன்று
அறுநூறு ரூபாய் வேலைக்கு
ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பிளேடு மொட்டை.
"கூறுகெட்ட மூதி" என்று
கண்ணாடியைப் பார்த்து ஏசினேன்.

எண்ணெய் ஐந்து சொட்டு.
பல்வரிசையில் மூன்று, தகடு ஓடும் தடத்தில் இரண்டு.
தையல் மெஷின் எண்ணெய் போதும்.
தேங்காய் எண்ணெய் விட்டால்
கோந்துபோல் முடியைக் கட்டிக்கொண்டு நிற்கும்.
ஐப்பசியில் துடைக்காமல் வைத்த இரும்பு
விடிவதற்குள் வெற்றிலை போட்டுக்கொள்ளும்.

அப்புறம் சூடு.
ஓட ஓடப் பிளேடு காயும்.
ரோமத்துக்கு ஒன்றுமில்லை. தோலுக்குத் தெரியும்.
நாய் சொல்லும்,
மெஷின் சத்தத்தில் நமக்குக் கேட்காது.

தில்லைநாயகம் சாரின் புஜ்ஜி
உடம்பெல்லாம் சடைபிடித்து வந்தாள் ஒரு சித்திரையில்.
வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள்.
தொடை மடிப்பில் வைத்தபோது நடுங்கினாள்.
ஏசியைக் குறைத்தேன்.
நடுங்கினாள்.
"பைய, பைய, முடிஞ்சிட்டுட்டீ" என்றேன்.
முடித்துப் பிளேடைக் கழற்றும்போது
என் விரல் சுட்டது.

"எம் பிள்ள புதுசாயிட்டா!"
சார் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தார்.
வாங்கிக்கொண்டேன்.
பிளேடு அகலத்துக்குச் சிவந்து கிடந்த தடத்தை
நானும் அவளும் மட்டும் பார்த்தோம்.

அதற்குப் பிறகு
நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறுத்தி
இடது மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்கிறேன்,
நாடி துடிக்கிற இடத்தில்.
எனக்குப் பொறுக்காவிட்டால் அடுத்த பிளேடு.
ஒன்று ஓடும்போது ஒன்று
ஈரத்துண்டின் மேல் எவர்சில்வர் தட்டில் ஆறும்.

மழுங்கியதை எல்லாம் டிபன் டப்பாவில் போட்டு
மேலப்பாளையம் கொண்டுபோவேன்.
செவ்வாய்ச் சந்தைக்கு முந்தின நாள்
செய்யது மசூது கடையில்
அறுப்புக் கத்திகள் வாழைச்சீப்பாய்ப் படுத்திருக்கும்.
"ரெண்டையும் ஒரே கல்லுலயா போடுதீய?"
செல்போனில் கிரிக்கெட் ஓட, நிமிராமல் சொன்னான்:
"கத்திக்குக் கல்லு, ஒங்களுதுக்குத் தட்டு.
கத்தி அறுக்கணும்.
ஒங்களுது அறுக்கக் கூடாதுல்லா?"
விளக்குத்திரி ஒன்றை நறுக்கிக் காட்டி
டப்பாவை மூடினான்.
பாளையங்கோட்டை பஸ்ஸில் அதை
மடியிலேயே வைத்திருந்தேன்.
கீழே விழுந்து ஒரு பல் முறிந்தாலும்
அந்தச் சந்தில் தோல் போய் மாட்டும்.

நேற்று புஜ்ஜி வந்தாள்.
மூன்றாம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.
சார் தூக்கிக்கொண்டு வந்தார்.

துடைத்தேன், எண்ணெய் விட்டேன், ஓடவிட்டேன்,
காது வைத்தேன்.
மணிக்கட்டில் வைத்தேன்.
அந்த மணிக்கட்டை அவள்
மூக்கை நீட்டி மோந்தாள்,
தும்மினாள்.
எண்ணெய் வாடை. வேறொன்றும் இருக்காது.

நிறுத்தி நிறுத்தி ஒன்றே முக்கால் மணி நேரம்.
"போன தடவை சட்டுன்னு முடிச்சியேம்மா,
இன்னைக்கு என்ன இம்புட்டு நேரம்?"

"பிளேடு காயுது சார்" என்றேன்.
"போன தடவையும் காஞ்சிச்சு."