கல்லுக்கு இடுப்பில்லை

பட்டியலில் என் பெயருக்கு நேரே
துவாரபாலகர், இருவர் என்று எழுதிவிட்டார்கள்.
நான் பஞ்சர் ஒட்டுகிறவன்.
பாங்லிக்குப் போகும் சாலையில்
கோயிலைத் தாண்டி மூன்றாவது கடை.
சாமிக்கு உடுத்திப் பழக்கமில்லை என்றேன்.
மன்றத்தில் சிரித்தார்கள்:
உனக்கு நீ உடுத்துகிறாய் அல்லவா, அதேதான்.

அதே இல்லை.
கல்லுக்கு இடுப்பில்லை.
தொந்தி இருக்கிறது, அதுவும் பாசி வழுக்கி.
துணியைச் சுற்றுவேன், முன்கொசுவம் விடுவேன்,
சரியா என்று பார்க்க நாலடி பின்னால் போவேன்.
அதற்குள் அரக்கர் காலடியில்
கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் குவிந்து கிடக்கும்,
பாதி ஆட்டத்தில் யாரோ தட்டிவிட்டது போல.

உள்ளே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.
கிந்தாமணியிலிருந்து செண்டுமல்லி வந்திறங்கிவிட்டது, ஏழு மூட்டை.
உள்ளே கை விட்டால் கதகதப்பு,
இப்போதுதான் அணைத்த எஞ்சினைத் தொட்டது போல.
ஐந்தடுக்குக் கூரைக்கு மஞ்சள் பட்டு ஏறுகிறது,
ஏணியைப் பிடித்திருப்பவன் கைப்பேசியில் பேசுகிறான்.
குருத்தோலை கிழிபடும் சத்தம்.
ஒலிபெருக்கியில் சத்து, துவா, தீகா,
மறுபடியும் சத்து.
வெள்ளைக் குடை ஒன்று விரிய மறுத்து
மூன்று பேர் அதனுடன் மல்லுக்கட்டுகிறார்கள்.

எதிர்ச்சாரியில்
உரக்கடை வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில்
லூ சுகெர்த்தி.
இருபத்திரண்டு வருடம்
இந்த இரண்டு பேருக்கும் உடுத்தியவள்.
தம்பி போய் ஒன்பது நாள்.
எரியூட்ட நாள் இன்னும் குறிக்கவில்லை,
அதுவரை தீட்டு,
அதுவரை சாலைக்கு அந்தப் பக்கம்.
தீட்டுக்காரர் சொல்லும் யோசனைக்கும்
தீட்டு உண்டா என்று
யாரும் விதி எழுதி வைக்கவில்லை.
ஆனாலும் அவள் வாய் திறக்கவில்லை.

நாலாவது முறை துணி சரிந்தபோது
திரும்பிப் பார்த்தேன்.
ஒரு விரலால்
தன் இடுப்பைச் சுற்றி மெதுவாக
ஒரு கோடு போட்டாள்.
நடுவில் மணல் லாரி போனது.
லாரி போன பிறகும் விரல் அங்கேயே இருந்தது.

அரைஞாண்! முதலில் கயிறு, பிறகல்லவா துணி.
அந்தக் கயிறு அவள் வீட்டில்,
அவள் கூடையில்.
அந்த வீட்டிலிருந்து இன்று ஒரு நூலும் வரக்கூடாது.

கடைக்கு ஓடினேன்.
ஆணியில் ஒரு ட்யூப் தொங்கியது,
உறை பிரிக்காதது.
நீளவாக்கில் வெட்டி இரண்டாக்கினேன்,
மூன்று முறை அலம்பி,
ஊதுவத்திப் புகையில் காட்டி,
தீர்த்தமும் தெளித்தேன்.
ரப்பரும் ஒரு மரத்தின் பால்தானே.

பிடித்தது.
தொந்திக்குக் கீழே கல் முதன்முறையாக
மூச்சை உள்ளிழுத்தது போல இருந்தது.
மேலே கட்டத்துணி, அதன் மேல் மஞ்சள் கச்சை,
காதோரம் செம்பருத்தி.
வலதுக்கு முடித்து இடதுக்கும் முடித்து
நிமிர்ந்தபோது
நாற்காலி காலி.
உரக்கடைக்காரர் அதை உள்ளே எடுத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் திருவிழா முடிந்து
கூரைப்பட்டு இறங்கும், குடைகள் மடியும்.
வாசல்காரர்களின் துணி மட்டும் மழையிலும் வெயிலிலும்
அடுத்த திருநாள் வரை,
இருநூற்றுப் பத்து நாள்.
அப்போது அவிழ்க்க அவள்தான் வருவாள்.
கறுப்பாக இது என்ன என்பாள்.

டயர் ட்யூப் என்பேன்.
பதினேழு அங்குலம், முன்சக்கரம்.
போன மாதம் அவள் தம்பி வண்டியை விட்டுப்போனபோது
அதற்கென்று எடுத்து மாட்டியது என்று
சொல்வேனா, தெரியவில்லை.

வண்டி இன்னும் கடையில்தான் நிற்கிறது,
முன்பக்கம் சப்பையாக.