சொல்லுக்கு அறுபது ரூபா

கிறாண்ட்பாஸ் றோட்டில் டயர்க்கடைக்கு மேல்மாடி.
மரண அறிவித்தல் பிரிவு என்பது
ஒரு மேசை, ஒரு கணினி, நான்.
பதினொரு வருஷமாய்
செத்தவர்கள் எங்கே போனார்கள் என்று
தட்டச்சுச் செய்கிறேன்.

சைவர்கள் சுலபம். சிவபதம் அடைந்தார்,
அடுத்த வரியில் ஈமைக்கிரியை.
வேதக்காரர் வந்தால்தான்
தேநீருக்குச் சொல்லிவிட்டு உட்காருவேன்.

அன்றைக்கு நான்கு பேர்.
குருநகரிலிருந்து வந்து மட்டக்குளியில் இருப்பவர்கள்.
இறந்தவர் சவிரிமுத்து ரெஜினோல்ட், ஐம்பத்தெட்டு,
துறைமுகத்தில் இழுவைப் படகோட்டி.

‘கர்த்தரண்டை சேர்ந்தார் எண்டு போடுங்கோ.’
இது தம்பிக்காரன். பெந்தகோஸ்து.

‘சேரேல்லை. நித்திரை.
எக்காளம் ஊதுமட்டும் நித்திரை.’
அக்கா. சனிக்கிழமை சபை.

மச்சான் மட்டும் பழைய கோயிலிலேயே நின்றுவிட்டவர்.
‘நேரே மேல போக அவனென்ன புனிதனா?
உத்தரிக்கிற ஸ்தலம் ஒண்டு இருக்கெல்லோ.’

‘பக்கத்துச் சிலுவைக் கள்ளனுக்கு
அண்டைக்கே பரதீசு குடுத்தாரே!’

‘இண்டைக்குச் சொல்லுறன் எண்டவர்.
இண்டைக்கு இருப்பாய் எண்டு ஆர் சொன்னது?
மூலத்தில புள்ளியுமில்லைக் கோடுமில்லை.’
அக்கா என் பக்கம் திரும்பினார்.
‘நீங்களே சொல்லுங்கோ தம்பி,
காற்புள்ளி எங்க வரும்?’

காற்புள்ளிக்குக் காசில்லை, அம்மா, என்றேன்.
எங்கே வேண்டுமென்றாலும் போடலாம்.

பரதீசு பாரசீகச் சொல்லாம், மச்சான் சொன்னார்,
மதில் கட்டின தோட்டம் என்று அர்த்தமாம்.
எனக்குத் தெரிந்த மதில் கட்டின தோட்டமெல்லாம்
கறுவாத்தோட்டத்தில்.
மேலே போத்தல் ஓடு பதித்திருக்கும்.
அடையாள அட்டை கேட்பான் காவலாளி,
இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பான்.
அந்தக் கள்ளனிடம் என்ன அட்டை இருந்திருக்கும்?

கடைசியில் ஒரு வசனத்துக்கு ஒத்துக்கொண்டார்கள்.
புதிய வானம், புதிய பூமி,
கண்ணீர் இல்லை, சாவு இல்லை,
இனிக் கடலும் இல்லை.

‘கடலும் இல்லையோ?’

அதுவரை வாய் திறக்காதவர்.
எமில்டா. மனைவி.
மடியில் அவருடைய துறைமுகப் பாஸ்.

‘அது உவமை, மச்சாள்,’ என்றான் தம்பி.
‘கடல் எண்டா அங்க கலக்கம், அழிவு,
மிருகம் எழும்பி வந்த இடம்.’

‘முப்பது வருஷம்
கப்பலுகளை உள்ளுக்கு இழுத்துக்கொண்டு வந்த மனிசன்.
கடல் இல்லாட்டி
அங்க அவருக்கு என்ன வேலை?’

கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம்
நின்று, திரும்பத் தொடங்கியது.
தேநீரில் ஆடை படர்ந்துவிட்டது.

நான் எல்லாவற்றையும் அழித்தேன்.
பெயருக்குக் கீழே
காலமானார் என்று அடித்து
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

எழுத்துக்கூட்டி வாசித்தார்.
காலம். ஆனார்.
‘அப்ப இடம்?’

அந்தச் சொல்லில் இடம் இல்லை, என்றேன்.
வேறு பதில் என்னிடம் இல்லை.

சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும்.
காசை எடுத்து மேசையில் வைத்தார்.

படியிறங்கும்போதும் மற்ற மூவருக்கும்
காற்புள்ளிதான் கதை.
எமில்டா பாதிப்படியில் நின்றார்.
‘பேப்பர் துறைமுகத்துக்கும் போகுமோ?’

போகும்.
ஐந்து பிரதி,
விடிய ஐந்தரைக்கு.