எடைச்சீட்டின் பின்பக்கம்

மாதேஸ்வரனின் நாற்பத்தோரு நாவலுக்கும்
பிழை திருத்தியவள் நான்.
செவ்வாய்ப்பேட்டை அச்சகம்,
மாடிப்படிக்குக் கீழே என் மேசை.
மாதம் ஒன்று, விலை மூன்று ரூபாய்.
அட்டையில் ஒரு ராக்கெட், ஒரு பெண்.
உள்ளே அந்தப் பெண்ணைத் தேடி
அலுத்துப்போனவர்கள் கடிதம் எழுதுவார்கள்.

செவ்வாய்க்கு எப்படிப் போவது என்று கேட்ட
பண்ருட்டி வாசகருக்கு
ஜங்ஷனிலிருந்து பஸ் நம்பர் எழுதிப் போட்டார்.

அவருடைய செவ்வாய் வெள்ளை.
சிவப்பு சார், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்றேன்.
சட்டையை உதறிக் காட்டினார்.
பகலில் அவர் மாக்னசைட் சுரங்கத்தில்
எடைமேடை எழுத்தர்.
வெற்று லாரிக்கு ஓர் எடை,
பாரத்தோடு ஓர் எடை.
கழித்தால் வருவது மலை.

ஆகவே அவர் கதையில் யாராவது
எதையாவது நிறுத்துக்கொண்டே இருப்பார்கள்.
நிழலை. தூக்கத்தை.
பதினேழாவதில் ஒரு நிலா முழுவதையும்.
ஒவ்வொரு முறையும் நூறு கிலோ குறையும்.
அது எங்கே போனது என்பதுதான் கதை.
கடைசிப் பக்கம் வரை சொல்லமாட்டார்,
கடைசிப் பக்கத்திலும்.

அவர் ராக்கெட் ஒன்றுகூட நேராக மேலே போனதில்லை.
ஏற்காட்டு பஸ் மாதிரி வளைந்து வளைந்து,
இருபதாவது கொண்டை ஊசியில் காது அடைத்தால்
அதுதான் விண்வெளி.
கமாண்டர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பார்.
இதில் அறிவியல் எங்கே என்று
கோயம்புத்தூர்ப் பத்திரிகை ஒன்று கேட்டது.
அந்தப் பக்கத்தை வெட்டி
எடைக்கல்லுக்கு அடியில் வைத்திருந்தார்.

எங்களுக்குள் சண்டை ஒன்றே ஒன்று.
'விண்வெளி கப்பல்' என்று எழுதுவார்.
நான் க் போடுவேன்.
அவர் அடிப்பார்.
வெளிக்கும் கப்பலுக்கும் நடுவில்
கொஞ்சம் இடம் இருக்கட்டும் என்பார்.
பத்தொன்பது வருடம். அச்சில் ஜெயித்தது நான்தான்.

இருபத்துமூன்றாவதில் ஒரு கணிப்பொறி வந்தது.
கேப்டன் பேசப் பேச ஒற்றுப்பிழை சொல்லும்,
எரிபொருள் தீர்ந்த நேரத்திலும்.
பெயர் ஜெயக்கொடி.
என் பெயர்.
திருத்தாமல் விட்டேன்.

பத்தாயிரம் பிரதி எண்ணூறானது.
ஜவ்வரிசி மூட்டை லேபிளுக்கும்
கல்யாணப் பத்திரிகைக்கும் நடுவில்
இயந்திரம் ஓய்ந்த நேரத்தில் அவரை அச்சிட்டோம்.
அவர் அதைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

நாற்பத்திரண்டாவது பாதிதான் வந்தது.
சுரங்கத்துப் பையன் ஒருவன்
ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான்.
வழக்கம்போல எடைச்சீட்டுகளின் பின்பக்கம்,
பென்சிலில்.
கதவு திறக்கிறது, வெளியே யாரோ,
அவ்வளவுதான்.
மிச்சம் எங்காவது இருக்குமென்று
கடைசிச் சீட்டைத் திருப்பினேன்.

லாரி எண் இருந்தது.
ஓட்டுநர் கையெழுத்து இருந்தது.
வெற்று வண்டி எடை இருந்தது.
அடுத்த கட்டம் காலி.

திரும்ப இந்தப் பக்கம் வந்து
வேலையை ஆரம்பித்தேன்.
முதல் வரியிலேயே விண்வெளி கப்பல்.
சிவப்புப் பேனாவைத் திறந்து,
மூடினேன்.